புதுப்பிப்பு: மவுண்ட் ஸ்பிரிங் மாதிரியில் வந்த 3 பூஜ்ய அதிர்வெண்கள்

போன வாரம் கேட்டது இதுதான்: 120 கிலோ மோட்டார் சட்டத்தையும் தரைத்தட்டையும் 4 ரப்பர் மவுண்டுகள் இணைக்கின்றன. அபாகஸில் (கட்டமைப்புகளைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும் மென்பொருள்) அவற்றை ஸ்பிரிங்காக வைத்தால் முதல் 3 மோடுகளின் (இயல்பான அதிர்வு வடிவங்கள்) அதிர்வெண் பூஜ்யம் காட்டின. ஏன்?

தப்பு என்னுடையதுதான். நான் போட்டது ஸ்பிரிங்-ஏ என்ற வகை. அது இரு நோடுகளை (மாதிரியின் கணக்கீட்டுப் புள்ளிகள்) சேர்க்கும் கோட்டின் திசையில் மட்டுமே விறைப்பு தரும். நான்கும் செங்குத்தாக நின்றதால் சட்டம் இரண்டு கிடைமட்டத் திசைகளிலும் தடையின்றி நகரலாம், செங்குத்து அச்சில் சுழலலாம். தடையில்லாத ஒவ்வொரு அசைவும் ஒரு பூஜ்ய அதிர்வெண். கணக்குச் சரியாக 3.

சரி என்று பக்கவாட்டுக்கு, குறிப்பிட்ட திசையில் வேலை செய்யும் ஸ்பிரிங்-2 சேர்த்தேன். அடுத்த தலைவலி! நோடுகளுக்கு நடுவே 40 மி.மீ. இடைவெளி. பக்கவாட்டு விசை இரு முனையிலும் சமமாக, எதிரெதிராக வந்தாலும் ஒரே கோட்டில் இல்லை. அதனால் விசை பெருக்கல் 40 மி.மீ. அளவுக்குத் திருப்புத்திறன் (சுழற்றும் விளைவு) சமநிலையாகாமல் நின்றது. எதிர்விசைகளைக் கூட்டிப் பார்த்திராவிட்டால் கண்ணில் பட்டிருக்காது.

இப்போது மவுண்டின் நடு உயரத்தில் ஒரே இடத்தில் இரண்டு குறிப்புப் புள்ளிகள், அவற்றுக்கு நடுவே புஷிங் கனெக்டர் (எல்லாத் திசைகளிலும் விறைப்பு கொடுக்கக்கூடிய இணைப்பு). ஒவ்வொரு புள்ளியும் தன் பக்கத்து போல்ட் துளைப் பரப்போடு கப்ளிங் (ஒரு புள்ளியை ஒரு பரப்பு முழுவதோடும் பிணைப்பது) மூலம் இணைகிறது. முன்பு ஒற்றை நோடில் மாட்டியிருந்தேன். மெஷ்ஷை (மாதிரியைப் பிரிக்கும் வலை) நுணுக்க நுணுக்க அந்த இடம் குழிந்துகொண்டே போனது.

மவுண்டுக்கு 300 நியூட்டன்/மி.மீ. என்றால் செங்குத்து மோடு கைக்கணக்கில் 15.9 ஹெர்ட்ஸ். மென்பொருள் 15.7 சொல்கிறது. ரப்பரின் தணிப்பை (அதிர்வை அடக்கும் தன்மை) இன்னும் தொடவில்லை.