தம்பிக்கு லீவு வேணும், வழி சொல்லுங்க

வணக்கம் உறவுகளே. தம்பி மனைவிக்குப் போன வாரம் சிசேரியன். அவளுக்கு அம்மா இல்லை. எங்க அம்மாவுக்கு முட்டிவலி. ராத்திரி பாப்பாவுக்குத் துணி மாத்துறது, ஏப்பம் வர்ற வரைக்கும் தோள்ல போட்டுத் தட்டுறது எல்லாம் தம்பிதான். ஒரு மாசம் லீவு கேட்டதுக்கு மேனேஜர், "பிள்ளை பெத்தது நீயா, உன் பொண்டாட்டியா?"ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டிருக்கார். வீட்டுக்கு வர்ற சொந்தமும் "ஆம்பளைக்கு இங்க என்ன வேலை?"ங்குது. மனசு கொதிக்குது.

2017 மகப்பேறு சட்டத் திருத்தப்படி குழந்தை பெத்த அம்மாவுக்கு 26 வாரம் வரைக்கும் லீவு உண்டு. மத்திய அரசு ஊழியரா இருந்தா அப்பாவுக்கு 15 நாள். தனியார் கம்பெனி அப்பாவுக்குச் சட்டத்துல ஒண்ணுமே இல்லை.

தனியார்ல இப்படி லீவு வாங்கினவங்க இருந்தா சொல்லுங்க: லெட்டர்ல என்ன எழுதினீங்க? சம்பளமில்லாத லீவாவது தந்தாங்களா? திங்கட்கிழமை அவன் வேலைக்குத் திரும்பணும்.