ஆல்கஹாலை உண்டாக்குவதால் ஈஸ்ட்டுக்கு என்ன ஆதாயம்?

கேள்வி: மேல்நிலை வகுப்பு மாணவி

வணக்கம். ஈஸ்ட்டின் சுவாசம் பற்றிப் படிக்கும்போது எழுந்த ஓர் ஐயத்தை இங்கே முன்வைக்கிறேன். ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு கிளைக்காலிசிஸ் வழியாக இரண்டு பைருவிக் அமில மூலக்கூறுகளாகப் பிளவுபடும்போதே ஈஸ்ட்டுக்கு நிகர லாபமாக 2 ஏடிபி (செல் தன் வேலைகளுக்குச் செலவிடும் ஆற்றல் மூலக்கூறு) கிடைத்துவிடுகிறது. ஆக்சிஜன் இல்லாத நிலையில் அந்தப் பைருவிக் அமிலம் முதலில் அசிட்டால்டிஹைடாகவும், பிறகு எத்தில் ஆல்கஹாலாகவும் மாறுகிறது. இந்த இரண்டு படிகளிலும் ஓர் ஏடிபி கூட உண்டாவதில்லை. போதாக்குறைக்கு, ஆல்கஹாலின் செறிவு கூடினால் ஈஸ்ட்டே நலிந்துபோகிறது. ஆற்றலும் தராமல் கேடும் செய்யும் ஒரு பொருளை அது எதற்காக உண்டாக்க வேண்டும்? பைருவிக் அமிலத்தோடு நிறுத்திக்கொண்டால் என்ன?

இதையொட்டி இன்னும் இரண்டு ஐயங்கள் உண்டு. காற்றுச் சுவாசத்தில் கிடைக்கும் ஏடிபியின் எண்ணிக்கையை ஒரு நூல் 38 என்கிறது, மற்றொன்று 36 என்கிறது, அண்மைக்கால நூல்கள் 30 அல்லது 32 என்கின்றன. ஈஸ்ட்டுக்கு எது பொருந்தும்? சர்க்கரை மிகுந்த கரைசலில் காற்றோட்டம் நன்றாக இருந்தாலும் ஈஸ்ட் ஆல்கஹாலை உண்டாக்கும் என்றும் ஓரிடத்தில் படித்தேன். அது உண்மையானால், காற்று இருந்தால் காற்றுச் சுவாசம், இல்லாவிட்டால் நொதித்தல் என்று பாடத்தில் சொல்லப்படும் பிரிவினையை எப்படிப் புரிந்துகொள்வது?

பதில்: உயிர்வேதியியல் ஆசிரியர்

உங்கள் முதல் கேள்வி இந்தப் பாடத்தின் உயிர்நாடியைத் தொடுகிறது. ஆல்கஹால் உண்டாகும் படிகளில் ஆற்றல் கிடைப்பதில்லை என்று நீங்கள் கவனித்தது முற்றிலும் சரி. அவை ஆற்றலுக்காக நடப்பவையே அல்ல, என்ஏடி என்னும் துணைநொதியை மீட்பதற்காக நடப்பவை.

கிளைக்காலிசிஸின் நடுவில் கிளிசரால்டிஹைடு 3 பாஸ்பேட் ஆக்சிஜனேற்றம் அடையும் படியைச் சற்று உற்றுப் பாருங்கள். அங்கே வெளிவரும் எலக்ட்ரான்களை என்ஏடி ஏற்றுக்கொண்டு என்ஏடிஎச் ஆகிறது. செல்லில் என்ஏடியின் இருப்பு மிகவும் சொற்பம். ஒரு குளுக்கோஸுக்கு இரண்டு வீதம் அது என்ஏடிஎச்சாக மாறிக்கொண்டே போனால், கொஞ்ச நேரத்திலேயே வெறும் என்ஏடி தீர்ந்துவிடும். சரக்கை இறக்காத வண்டி மறுநடை போக முடியாதல்லவா? அந்தப் படி நின்றால் அதற்குப் பின்னால் வரும் படிகளும் நிற்கும், 2 ஏடிபியும் கிடைக்காது. ஆக்சிஜன் இருக்கும்போது அந்த எலக்ட்ரான்களை மைட்டோகாண்ட்ரியாவின் எலக்ட்ரான் கடத்துச் சங்கிலி வாங்கி, இறுதியில் ஆக்சிஜனிடம் சேர்த்து நீராக்குகிறது. ஆக்சிஜன் இல்லாதபோது வாங்கிக்கொள்ள வேறொரு பொருள் வேண்டும். பைருவிக் அமிலத்திலிருந்து ஒரு கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறு கழன்றதும் எஞ்சும் அசிட்டால்டிஹைடுதான் அந்தப் பொருள். ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸ் என்னும் நொதியின் துணையால் அது எலக்ட்ரான்களை ஏற்று எத்தில் ஆல்கஹாலாகிறது, என்ஏடியும் விடுபட்டு மீண்டும் வேலைக்குத் திரும்புகிறது. பைருவிக் அமிலத்தோடு நிறுத்திக்கொள்ள ஈஸ்ட்டால் ஏன் முடியாது என்பதற்கு இதுவே விடை.

இந்தத் துணைநொதியின் இருப்பு முதலில் வெளிப்பட்டதே ஈஸ்ட் சாற்றில்தான் என்பதை எப்போது சொல்லிக்கொடுத்தாலும் எனக்கு மகிழ்ச்சி உண்டாகும். செல்கள் இல்லாத ஈஸ்ட் சாறும் சர்க்கரையை நொதிக்கச் செய்யும் என்று எட்வர்ட் புக்னர் 1897-இல் காட்டினார். அதன்பின் 1906-இல் ஆர்தர் ஹார்டனும் வில்லியம் யங்கும் அத்தகைய சாற்றை நுண்ணிய வடிகட்டியால் இரு பங்காகப் பிரித்தனர். வடிகட்டியில் தங்கிய பங்கு தனியாக நொதிக்கவில்லை, வடிந்து வந்த பங்கும் தனியாக நொதிக்கவில்லை, இரண்டையும் மீண்டும் கலந்தபோது நொதித்தல் தொடங்கியது. வடிந்து வந்த பங்கைக் கொதிக்க வைத்த பிறகு சேர்த்தாலும் அது பயன்பட்டது. ஆகவே அதில் இருந்தது வெப்பத்தில் சிதையும் புரதமாக இருக்க முடியாது. அந்தப் பங்கில் இருந்த இன்றியமையாத சிறு மூலக்கூறுகளுள் ஒன்றே நாம் பேசும் என்ஏடி.

ஆற்றல் எங்கே போயிற்று என்று கேட்டால், பெரும்பகுதி ஆல்கஹாலுக்குள்ளேயே இருக்கிறது. 180 கிராம் குளுக்கோஸை முழுவதுமாக எரித்தால் ஏறத்தாழ 2,800 கிலோஜூல் வெப்பம் வெளிப்படும். அதே குளுக்கோஸிலிருந்து கிடைக்கும் 92 கிராம் எத்தில் ஆல்கஹாலை எரித்தாலும் ஏறத்தாழ 2,730 கிலோஜூல் வெளிப்படும்.

பதில்: நுண்ணுயிரியல் ஆய்வு மாணவர்

ஏடிபி எண்ணிக்கையைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். 38 என்பது, ஒவ்வொரு என்ஏடிஎச்சுக்கும் 3 ஏடிபி வீதம் கிடைப்பதாக வைத்துக்கொண்டு போட்ட பழைய கணக்கு. அதை 2.5 என்று திருத்தியதால்தான் 30, 32 ஆகிய எண்கள் வந்தன. எனினும் இவை நம்முடைய செல்களைப் போன்ற செல்களுக்குரியவை. சாக்கரோமைசிஸ் செரிவிசியே என்னும் வழக்கமான ஈஸ்ட்டின் எலக்ட்ரான் கடத்துச் சங்கிலியில், புரோட்டான்களை வெளித்தள்ளும் முதலாம் கூட்டமைப்பு கிடையாது. அதற்குப் பதிலாக இருக்கும் எளிய நொதி எலக்ட்ரான்களை மட்டுமே கைமாற்றுகிறது, புரோட்டான்களைத் தள்ளுவதில்லை. தள்ளப்பட்ட புரோட்டான்கள் திரும்பி வரும்போதுதான் ஏடிபி உண்டாகிறது. ஆகவே ஒவ்வொரு என்ஏடிஎச்சுக்கும் 1.5 ஏடிபிக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. 10 என்ஏடிஎச், அதைப் போலவே எலக்ட்ரான்களைச் சுமக்கும் 2 எஃப்ஏடிஎச்2 ஆகிய பன்னிரண்டுக்கும் சேர்த்து 18, அவற்றோடு நேரடியாகக் கிடைக்கும் 4 என்று கூட்டினால் 22 வருகிறது. சவ்வுகளைக் கடக்கும் போக்குவரத்துச் செலவைக் கழித்தால் அதுவும் குறையும். தேர்வில் உங்கள் பாடநூலின் எண்ணையே எழுதுங்கள், ஆனால் ஈஸ்ட்டைப் பொறுத்தவரை இதை மனத்தில் வைத்திருங்கள்.

பதில்: நொதித்தல் தொழில்நுட்பர்

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். நீங்கள் படித்தது உண்மைதான். இங்கே இரண்டு விளைவுகளைப் பிரித்தறிய வேண்டும். காற்றில்லாமல் வளரும் ஈஸ்ட்டைவிடக் காற்றில் வளரும் ஈஸ்ட், தான் உட்கொள்ளும் சர்க்கரையின் அளவுக்கு மிகுதியாகப் பெருகுகிறது என்றும், ஆக்சிஜன் நொதித்தலைத் தணிக்கிறது என்றும் லூயி பாஸ்டர் 1861-இல் எடுத்துக்காட்டினார். இது பாஸ்டர் விளைவு. ஆனால் குளுக்கோஸின் செறிவு கூடுதலாக இருந்தால், ஆக்சிஜன் தாராளமாகக் கிடைத்தாலும் இந்த ஈஸ்ட் ஆல்கஹாலையே பெருமளவில் உண்டாக்குகிறது. இதற்குக் கிராப்ட்ரீ விளைவு என்று பெயர். குளுக்கோஸ் மிகுந்திருக்கும்போது சுவாசத்துக்குரிய பல மரபணுக்கள் அடக்கி வைக்கப்படுகின்றன, கிளைக்காலிசிஸோ மைட்டோகாண்ட்ரியாவால் ஈடுகொடுக்க முடியாத வேகத்தில் பைருவிக் அமிலத்தைக் குவிக்கிறது. சர்க்கரை தீர்ந்தபின் வளர்ச்சி சற்றுத் தேங்கி நிற்கும். அந்த இடைவெளியில் ஈஸ்ட் சுவாச நொதிகளைத் தயாரித்துக்கொண்டு, தான் வெளியேற்றிய ஆல்கஹாலையே ஆக்சிஜனின் உதவியோடு எரிபொருளாக்கிக்கொள்கிறது. எல்லா ஈஸ்ட்டுகளும் இப்படி நடந்துகொள்வதில்லை. குளுவெரோமைசிஸ் லாக்டிஸ் போன்றவை காற்று இருந்தால் பெரும்பாலும் சுவாசத்தையே மேற்கொள்கின்றன.

ஈஸ்ட்டையே விளைபொருளாக எடுக்கும் ஆலைகளில் இந்த அறிவுதான் நாள்தோறும் கைகொடுக்கிறது. கலனுக்குள் காற்றை வலுவாகச் செலுத்திக்கொண்டே சர்க்கரைப்பாகை ஒரேயடியாகக் கொட்டாமல் சிறுகச் சிறுக ஊட்டுவார்கள். சர்க்கரையின் செறிவு ஒரு வரம்பைத் தாண்டினால், எவ்வளவு காற்றடித்தாலும் சர்க்கரை ஆல்கஹாலாகப் போய்விடும், ஈஸ்ட்டின் விளைச்சல் குறைந்துவிடும்.

மாணவி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. என்ஏடியை மீட்பதுதான் நோக்கம் என்பது இப்போது தெளிவாகிவிட்டது. இரண்டு முறைகளிலும் கார்பன் டை ஆக்சைடு வருவதால், எது நடக்கிறது என்பதைச் சுண்ணாம்பு நீரைக் கொண்டு அறிய முடியாதல்லவா? மேலும், காற்றை அறவே நீக்கிவிட்டால், சர்க்கரை உள்ளவரை ஈஸ்ட் பெருகிக்கொண்டே இருக்குமா?

பதில்: உயிர்வேதியியல் ஆசிரியர்

சுண்ணாம்பு நீர் இரண்டிலும் பால்போல் மாறும். ஆகவே வாயுவின் கன அளவைப் பாருங்கள். காற்றுச் சுவாசத்தில் ஒவ்வொரு குளுக்கோஸுக்கும் 6 ஆக்சிஜன் மூலக்கூறுகள் உள்ளே போக, 6 கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகள் வெளியே வருகின்றன. எனவே மூடிய குடுவையில் வாயுவின் அளவு ஏறக்குறைய மாறாது. நொதித்தலில் எதுவும் உள்ளே போகாமல் 2 மூலக்கூறுகள் வெளிவருகின்றன. குடுவையின் வாயில் கட்டிய பலூன் நன்றாக உப்பினால் உள்ளே நொதித்தல் நடக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம். கரைசலைக் காய்ச்சி வடித்து, அமிலம் சேர்த்த பொட்டாசியம் டைகுரோமேட்டில் இளஞ்சூடாகச் சோதித்தால் ஆரஞ்சு நிறம் பச்சையாவதையும் காணலாம். அந்த வேதிப்பொருள் நச்சுத்தன்மை உடையது என்பதால் ஆசிரியரின் மேற்பார்வை கட்டாயம் வேண்டும்.

பதில்: நொதித்தல் தொழில்நுட்பர்

காற்றை அறவே நீக்கினால் ஈஸ்ட் தொடர்ந்து பெருகாது, அதற்கு ஆல்கஹாலின் நச்சுத்தன்மை மட்டும் காரணமன்று. ஈஸ்ட்டின் செல் சவ்வுக்கு எர்கோஸ்டிராலும் நிறைவுறாக் கொழுப்பு அமிலங்களும் தேவை. அவற்றைத் தயாரிக்கும் வேதிவினைகளில் ஆக்சிஜன் மூலக்கூறே நேரடியாகப் பங்கேற்கிறது, அந்த இடத்தை ஆற்றலால் நிரப்ப முடியாது. தாய்ச்செல்லில் சேர்ந்திருக்கும் இருப்பு ஒவ்வொரு மொட்டுக்கும் பங்கு பிரிந்து குறைந்துகொண்டே வர, சில தலைமுறைகளில் வளர்ச்சி நின்றுவிடுகிறது. இவ்விரு பொருள்களையும் வெளியிலிருந்து ஊட்டினால் ஆக்சிஜன் இல்லாமலேயே வளர்ச்சி தொடரும் என்பது 1950-களிலேயே சோதனைகளால் மெய்ப்பிக்கப்பட்டது. நொதித்தலுக்கான கரைசலில் தொடக்கத்தில் மட்டும் சிறிது காற்றைக் கரைத்துவிடுவதும் இதனால்தான்.