பிக்கப் வண்டில கரண்ட் கோளாறு, காத்து சத்தம்: உங்க அனுபவத்த எழுதுங்க

ஒட்டன்சத்திரம் லோடு:
காய்கறி லோடு ஓட்டுற பிக்கப்புங்க நம்மளது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்ல ஏத்துனா பழனி, உடுமலை, பொள்ளாச்சி வழியா பாலக்காடு போய் எறக்கணும். கொஞ்ச நாளா 60 தாண்டுனா கேபினுக்குள்ள உய்ய்ய்னு ஒரு விசில். லோடோட போறப்ப வருது, காலி வண்டியா திரும்பறப்ப வர மாட்டேங்குது. இத கேட்டுட்டு ஒருத்தர் லோடு ஏறுனா சேசிஸ் வளைஞ்சு டோர் கேப் விடுதுன்னாரு, இன்னொருத்தர் டோரையே மாத்திரலாம் செகண்ட்ஸ்ல இருக்குன்னு ரேட்டே பேச ஆரம்பிச்சுட்டாரு.

விஷயம் லோடுலயே இல்லைங்க. ஆனி ஆடில பாலக்காட்டு கணவாய் காத்து மேக்க இருந்து அடிக்குது. போறப்ப மூஞ்சில, வர்றப்ப முதுகுல. மீட்டர்ல 60 காட்டுனாலும் எதிர்காத்து 30 இருந்தா முன் கண்ணாடிக்கு அது 90 தான. காத்தே இல்லாத ஒரு விடியக்காலைல காலி வண்டிய 80ல விட்டுப் பாத்தேன், அதே உய்ய்ய்.

அப்புறம் பெயிண்ட் கடைல மாஸ்கிங் டேப் வாங்கி டோர் கேப், மிரர் அடி, முன் கண்ணாடி சுத்து எல்லாத்தயும் ஒட்டிட்டு ஓட்டுனா சத்தம் சுத்தமா இல்ல. ஒவ்வொரு டேப்பா பிச்சுப் பிச்சு மறுபடி அதே ரோட்டுல அதே வேகத்துல ஓட்டுனேன். டோர் டேப்ப எடுத்தா ஒன்னுமில்ல, மிரர் டேப்ப எடுத்தா ஒன்னுமில்ல, முன் கண்ணாடி மேல் மூலை, கிளீனர் பக்கம், அத எடுத்ததும் வந்துருச்சு. போன வருசம் கல்லடிச்சு கண்ணாடி மாத்துனது, அந்த மூலைல ரப்பர் ஒக்காரவே இல்ல, நகத்த விட்டா பாதி நகம் உள்ள போகுது. டோர் மாத்த சொன்னவர்கிட்ட இத காட்டுனேன், அப்ப ரப்பரும் மாத்திரலாம்ங்கறாரு.

உங்களுக்கு என்னென்ன வந்துச்சு, எப்படி புடிச்சீங்கன்னு எழுதுங்க. கரண்ட் சமாச்சாரமும் எழுதுங்க, அதுலதான் நெறய பேரு காச விடறாங்க.

குளச்சல் மீன்வண்டி:
காத்த பத்தி எங்ககிட்ட கேளுங்க அண்ணே. குளச்சல்ல மீன் ஏத்திட்டு நாகர்கோவில், ஆரல்வாய்மொழி, முப்பந்தல்னு போனா ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் காத்தாடிதான் நிக்கும், அங்க காத்தாடி வச்சவன் சும்மாவா வச்சான். காவல்கிணறு தாண்டி நெல்லை ரோட்டுல ஏறுனா காத்து இடது பக்கமா அறையும், திரும்பி வரும்போது வலது பக்கம். போகும்போது கிளீனர் டோர்ல விசில், வரும்போது டிரைவர் டோர்ல விசில். ஒரு ட்ரிப்ப மட்டும் வச்சு முடிவு பண்ணிட்டு ஒரு பக்க ரப்பர மட்டும் மாத்துனவங்க எங்க ஸ்டாண்டுலயே உண்டு. நமக்கு கடைசில ரெண்டு பக்க கண்ணாடிக்கு மேல ஒட்டுன மழை வைசர்தான், டபுள் சைடு டேப் வெயில்ல விட்டுப்போய் முன்னாடி ஓரம் தூக்கிட்டு நின்னுச்சு. பிச்சு எறிஞ்சாச்சு, இப்ப மழைல கண்ணாடி எறக்க முடியாது, அது வேற கத.

கரண்ட் கதைக்கு வாறேன். இடது இண்டிகேட்டர் போட்டா பின்னாடி பார்க் லைட்டும் கூட சேர்ந்து மினுங்கும். பிரேக் மிதிச்சா இண்டிகேட்டர் மங்கலா எரியும். ஹெட்லைட் போட்டுட்டு இண்டிகேட்டர் போட்டா வேகம் மாறும். ஒருத்தர் இண்டிகேட்டர மினுங்க வைக்கிற பிளாஷர் மாத்துனாரு, அடுத்தவர் பல்பு ஹோல்டர் மாத்துனாரு, மூணாவது ஆளு ஸ்டியரிங் கிட்ட இருக்க சுவிட்சு மொத்தமா போச்சுன்னாரு, அந்த வெல கேட்டதும் வண்டிய எடுத்துட்டு வந்துட்டேன்.

பொறவு நாகர்கோவில்ல ஒரு பெரியவர், கையில மீட்டர் கூட கெடையாது. நீளமா ஒரு ஒயர எடுத்தாரு, ஒரு முனைய பேட்டரி நெகட்டிவ்ல மாட்டுனாரு, மறு முனைய பின் லைட்டோட எர்த்துல, அதான் கரண்டு பாடி வழியா பேட்டரிக்கு திரும்புற இணைப்புல, தொட்டாரு. அவ்வளவுதான், எல்லா லைட்டும் மரியாதையா எரியுது. ஒயர எடுத்தா பழையபடி கூத்து. எர்த் போல்ட்டு நம்பர் பிளேட்டுக்கு பின்னாடி இருக்கு, கழட்டுனா மேல துரு, உள்ள பச்சையா களிம்பு, ஒயர் நுனில இருக்க வளையம் கையோட உதிர்ந்துட்டு. மீன் பெட்டில இருந்து ஐஸ் தண்ணி உப்போட ராவெல்லாம் அங்கதான ஒழுகுது. கரண்டு திரும்பிப் போக வழி இல்லைன்னா பக்கத்து பல்போட இழை வழியா புகுந்து போவுமாம், அதான் ஒன்னு போட்டா இன்னொன்னு மினுங்குது. உப்புத்தாள் போட்டு இரும்பு பளபளன்னு தெரியுற வரைக்கும் தேச்சு, புது வளையம் வச்சு முறுக்கி மேல கிரீஸ் அப்பி விட்டாரு. மீன், உப்பு, கருவாடு ஏத்துற வண்டிக்கு மழை காலத்துக்கு முன்னாடி ஒரு தரம் இத கழட்டி பாத்துருங்க.

சேலம் ஆட்டோ எலக்ட்ரிக்:
மீன்வண்டி தம்பி சொன்ன பெரியவர் மாதிரி ஆளுங்க கொறஞ்சுட்டாங்க. என் கடைக்கு வர்ற பிக்கப்ல பாதி "பேட்டரி போச்சுண்ணே புதுசு போடுங்க"ன்னுதான் வரும், பாத்தா பேட்டரி நல்லாத்தான் இருக்கும். ஒரு சின்ன மீட்டர் வாங்கி வண்டில போட்டு வைங்க, சாதாரண டிஜிட்டல் மீட்டரே போதும்.

ராத்திரி நிறுத்துன வண்டி, காலைல சாவி போடறதுக்கு முன்னாடி பேட்டரில பாத்தா 12.6 வோல்ட் பக்கம் இருந்தா ஃபுல் சார்ஜ். 12.2 இருந்தா பாதி. 12க்கு கீழன்னா கிட்டத்தட்ட காலி. வண்டி ஓடறப்ப 13.8ல இருந்து 14.4 வரைக்கும் வரணும், ஓடறப்பவும் 12ன்னே நின்னா டைனமோ சார்ஜ் பண்ணல, 15 தாண்டுனா அந்த வோல்ட்ட கட்டுப்படுத்துற ரெகுலேட்டர் காலி, அது பேட்டரி தண்ணியவும் குடிச்சுரும் பல்பையும் எரிச்சுரும். செல்ஃப் அடிக்கறப்ப 9.6க்கு கீழ விழுந்தா அப்ப பேட்டரிய சந்தேகப்படுங்க.

இப்ப எல்லாரும் விட்டுடற ஒன்னு. பேட்டரி ஃபுல்லா இருக்கு, ஆனா செல்ஃப் டக்குனு ஒரு சத்தத்தோட நின்னுடுது இல்ல இழுத்து இழுத்து சுத்துது. மீட்டரோட ஒரு முனை பேட்டரி நெகட்டிவ்ல, இன்னொரு முனை எஞ்சின் இரும்புல வைங்க, ஆள விட்டு செல்ஃப் அடிக்க சொல்லுங்க. அரை வோல்ட்டுக்கு மேல காட்டுனா எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவுல இருக்கற எர்த் பட்டை இல்லன்னா பேட்டரி நெகட்டிவ் ஒயர் போச்சுன்னு அர்த்தம். பின்னல் மாதிரி இருக்கும் அந்த பட்டை, வெளிய நல்லா தெரியும், போல்ட்டுக்கு அடில அரிச்சிருக்கும். இதுக்காக செல்ஃப் மோட்டரையே மாத்திட்டு வந்தவங்க இருக்காங்க.

நிறுத்தி வச்சா ரெண்டு மூணு நாள்ல பேட்டரி எறங்குதுன்னா எங்கயோ கரண்ட் திருட்டுப் போகுது. எல்லாம் அணைச்சு, டோர் மூடி, ஒரு அரை மணி நேரம் விட்டுட்டு, நெகட்டிவ் ஒயர கழட்டி நடுவுல மீட்டர 10 ஆம்பியர்ல போடுங்க (அப்ப மட்டும் யாரையும் செல்ஃப் அடிக்க விட்டுராதீங்க, மீட்டர் ஃபியூஸ் போயிரும்). 50 மில்லி ஆம்பியருக்குள்ள இருந்தா சரி. 500 இருந்தா ஒரு நாளைக்கு 12 ஆம்பியர் அவர் போகுது, 60 ஆம்பியர் அவர் பேட்டரி எத்தன நாள் தாங்கும்னு நீங்களே போட்டுக்கோங்க. எந்த லைன்னு கண்டுபிடிக்க ஃபியூஸ ஒவ்வொன்னா புடுங்க வேண்டாம், ஃபியூஸ் தலைல ரெண்டு சின்ன உலோகப் புள்ளி தெரியும் பாருங்க, அதுல மீட்டர மில்லி வோல்ட்ல வச்சு தொட்டுட்டே வாங்க, சைபர் காட்டுனா அதுல கரண்ட் போகல, ஏதாவது காட்டுனா அதுலதான் ஓடுது. நான் பாத்ததுல அதிகமா மாட்டறது ஜிபிஎஸ் டிராக்கர், அப்புறம் சாவி லைனுக்கு பதிலா நேரா பேட்டரில குடுத்த பாட்டு செட்டு.

இன்னொன்னு, ஹெட்லைட்ல 60/55 வாட் பல்ப எடுத்துட்டு 100/90 போடறீங்க. 60 வாட்னா ஒரு பல்புக்கு 5 ஆம்பியர், ரெண்டுக்கு 10. 100 வாட்னா ரெண்டுக்கு 17 பக்கம். அதே பழைய ஒயர், அதே சுவிட்சு. ஹோல்டர் உருகி வாசன வந்ததும் கடைக்கு வர்றீங்க. போட்டே ஆகணும்னா தனி ரிலே (சின்ன கரண்ட்ல பெரிய கரண்ட போட்டு நிறுத்துற சுவிட்சு), தனி ஃபியூஸ், தடி ஒயர்னு பேட்டரில இருந்து எடுக்கணும். 10 ஆம்பியர் ஃபியூஸ் அடிக்கடி போகுதுன்னு 20 போடறவங்கள, பேப்பர் ஃபாயில் சுத்தறவங்கள பத்தி பேச ஆரம்பிச்சா எனக்கு பிபி ஏறும், விட்டுடறேன்.

தாம்பரம் பார்சல்:
நமக்கு சின்ன மேட்டர்தான் பா. பாட்டு போட்டா பின்னாடி கொய்ங்னு ஒரு சத்தம், ஆக்ஸிலரேட்டர் மிதிச்சா அதுவும் ஏறும், விட்டா எறங்கும். ஆம்ப்ளிஃபயர் எர்த்த பெயிண்ட் மேலயே ஸ்க்ரூ போட்டு வச்சிருக்கான், சுரண்டிட்டு முறுக்குனதும் போய்ட்ச்சு. போகலன்னா டைனமோ டயோடு பாக்கணும்னு சொன்னாங்க. அப்புறம் எலி. நைட்டு ஷெட்ல விட்டா பானட்டுக்குள்ள குடித்தனம். புகையிலை, நாப்தலின் எல்லாம் வச்சாச்சு, அதுக்கு பக்கத்துலயே குட்டி போட்ருக்கு.

தம்மாம் டிரைவர்:
சவுதில கம்பெனி டபுள் கேபின் பிக்கப் ஓட்டறேன், ஊர் ராமநாதபுரம் பக்கம். இங்க ரோட்டுல 120ல போகணும், அதனால உங்க ஊர்ல தெரியாத சத்தமெல்லாம் இங்க தெரியும். மேல ஏணி வைக்க கேரியர் போட்டதுல இருந்து ஊஊஊன்னு ஒரே ஊளை, ரெண்டு குறுக்கு பைப்புலயும் கயித்த பாம்பு மாதிரி சாய்வா சுத்தி விட்டேன், ஊளை நின்னுச்சு. உருண்டையா இருக்க பைப்ப தாண்டும்போது காத்து மேலயும் கீழயும் மாறி மாறி ஒரே சீரா சுழியும், அதான் ராகம் புடிக்குது, கயிறு அந்த சீர உடைச்சிருது. ரேடியோ ஏரியல் கம்பிலயும் இதே கததான், புது ஏரியல்ல எல்லாம் சுருள் மாதிரி வரி வச்சே வரும், கவனிச்சிருக்க மாட்டீங்க.

மத்தபடி இங்க பெரிய எதிரி மணலும் வெயிலும். டோர் ரப்பர் வெடிச்சு கல்லா போயிரும். ரியால் நோட்டு ஏதாவது ஒன்ன டோர்ல வச்சு மூடி இழுப்பேன், சிக்குனா நல்லது, வழுக்கிட்டு வந்தா அந்த இடத்துல ரப்பர் பிடிக்கல. டோர் சுத்தி நாலஞ்சு இடத்துல இழுத்து பாக்கணும். சுத்திலும் லூஸா இருந்தா ரப்பர் மாத்தாம மொதல்ல லாக் மாட்டுற கொக்கிய கொஞ்சம் உள்ள தள்ளி முறுக்கி பாருங்க. கண்ணாடி ஏறி எறங்குற சேனல்ல மணல் சேர்ந்தா கண்ணாடி முழுசா மேல போய் ஒக்காராது, பிரஷ் போட்டு தட்டிட்டு சிலிகான் ஸ்ப்ரே அடிச்சா போதும். கிரீஸ் மட்டும் வைக்காதீங்க, மணல் இன்னும் நல்லா ஒட்டும்.

சேலம் ஆட்டோ எலக்ட்ரிக்:
ஒட்டன்சத்திரம் தம்பி, உங்ககிட்ட ஒன்னு கேக்கணும்னு நெனச்சேன். அந்த கண்ணாடி மூலை வழியா காத்து வருதுன்னா மழை வந்தா தண்ணியும் வரும்ல? கண்ணாடி ஓரத்துல நிக்கற பில்லர் உள்பக்கமா எறங்கி நேரா டேஷ்போர்டுக்கு அடிலதான் வந்து சொட்டும். அந்தப் பக்கம் ஃபியூஸ் பாக்ஸ் இருந்தா பாத்துருங்க. மழைல வைப்பர் தானா ஓடறது, ஹாரன் தானா அடிக்கறது ஏதாவது உண்டா?

ஒட்டன்சத்திரம் லோடு:
அண்ணா எப்படிங்ணா! போன வாரம் பொள்ளாச்சில மழை புடிச்சப்ப வைப்பர நிறுத்தவே முடியல, சுவிட்சுதான் ரிப்பேர்னு நெனச்சுட்டு இருந்தேன். இப்ப போய் ஃபியூஸ் பாக்ஸ் மூடிய கழட்டி பாத்தேன், மூடி உள்பக்கம் வேர்த்து நிக்குது, ஓரத்து ரிலே கால்ல வெள்ளையா பொடி. தண்ணி வந்த தடம் பில்லர் கவருக்கு உள்ள கோடு மாதிரி அழுக்கா தெரியுது.

சேலம் ஆட்டோ எலக்ட்ரிக்:
பேட்டரி நெகட்டிவ கழட்டிட்டு ரிலேவ புடுங்கி காண்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே அடிங்க, நல்லா காயட்டும், கால் அரிச்சிருந்தா ரிலே மட்டும் புதுசு போடுங்க. ஆனா கண்ணாடிய சரி பண்ணாம இத பண்ணா அடுத்த மழைக்கு திரும்ப வந்துரும்.

குளச்சல் மீன்வண்டி:
அந்த மூலைல ஹார்டுவேர் கடை சிலிகான் வச்சு அடைச்சுக்கலாமா? நம்ம வண்டிலயும் ஒரு எடத்துல இருக்கு.

சேலம் ஆட்டோ எலக்ட்ரிக்:
வேண்டாம் தம்பி. பாத்ரூமுக்கு அடிக்கற சிலிகான்ல வினிகர் மாதிரி புளிச்ச வாடை அடிக்கும்ல, அந்த ஆசிட் இரும்ப அரிக்கும், ரப்பருக்கு அடில துரு புடிச்சா அப்புறம் டிங்கரிங் செலவு. உங்களது ரப்பர்ல ஒக்கார்ற கண்ணாடியா ஒட்டுன கண்ணாடியான்னு மொதல்ல பாருங்க. ரப்பர்னா கண்ணாடி கடைல வின்ட்ஷீல்டு சீலன்ட் கேளுங்க, ரப்பர தூக்கி உள்ள விடுவாங்க. ஒட்டுன கண்ணாடின்னா கழட்டி பழைய பசைய சீவிட்டு மறுபடி ஒட்டணும், அது ரோட்டோரத்துல பண்ற வேல இல்ல. ஒட்டுனப்புறம் காயறதுக்கு எவ்வளவு நேரம்னு டியூப்லயே போட்டிருக்கும், அதுக்கு முன்னாடி லோடு ஏத்த கூப்புட்டாங்கன்னு கெளம்பிராதீங்க.

ஒட்டன்சத்திரம் லோடு:
நம்மளது ரப்பர்தானுங்ணா. நாளைக்கு மார்க்கெட் லீவு, திண்டுக்கல் போயிட்டு வந்து எழுதறேன்.