ஓரல் பரீட்சைக்கு நெல்லுக் கணக்கோடு போனேன்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகிற வீதியில் ஓர் அரிசி ஆலையில் கணக்குப் பார்க்கிறேன். நெல் வாங்கிய கணக்கு, லொறிக் கணக்கு, காசு தராத வியாபாரிக்குக் கோல் எடுப்பது எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். ஒருநாள் முதலாளி தன் போனைக் காட்டி, "தம்பி, கொழும்பு ஆள் ஏன் கோவிச்சுக்கொண்டு எழுதியிருக்கிறார்?" என்று கேட்டார். மேலே பார்த்தால் நான் முதல் நாள் அனுப்பிய ஒரு வரி: 'சென்ட் த பேமன்ட் டுமோறோ.'

என் மனதில் இருந்தது "நாளைக்குக் காசை அனுப்புங்கோ" என்பதுதான். தமிழில் மரியாதை வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது. அந்த 'ங்கோ'வை ஆங்கிலத்தில் ஒட்ட இடமில்லை. 'குட் யூ' என்று முன்னால் வைக்க வேண்டும். வைக்காவிட்டால் வேலைக்காரனுக்கு உத்தரவு போடுவது மாதிரி ஆகிவிடுகிறது. பள்ளிக்கூடத்தில் 'கேன்' இறந்த காலத்தில் 'குட்' ஆகும் என்று மட்டும்தான் படித்தேன். அது மரியாதைச் சொல் என்று யாரும் சொல்லவில்லை.

அந்த வெட்கத்தில்தான் கேம்பிரிட்ஜின் பிசினஸ் வான்டேஜ் என்கிற வியாபார ஆங்கிலப் பரீட்சைக்கு விண்ணப்பித்தேன். 2009-இல் எனக்குப் பன்னிரண்டு வயது. போரால் அந்த வருடம் பாதிக்கு மேல் வகுப்பறையே இல்லை. ஆங்கில இலக்கணம் என்னிடம் துண்டு துண்டாகத்தான் இருந்தது. வவுனியாவில் ஒரு வகுப்புக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ்ஸில் போனேன். அங்கே ஆறு மாதமும் கோடிட்ட இடம் நிரப்பியதுதான் மிச்சம். வாய் திறக்கவே இல்லை. போன காசுக்கு ஒரு நல்ல சைக்கிள் வாங்கியிருக்கலாம்.

திருப்பம் வந்தது ஆலையில்தான். டீசல் விலை ஏறியதால் அரிசி விலையைக் கூட்ட வேண்டியிருந்தது. அதை ஆங்கிலத்தில் எழுதும்போது, விலை உயர்வைச் சொல்ல 'ரைஸ்' போடுவதா 'ரெய்ஸ்' போடுவதா என்று வழக்கம்போலக் குழம்பினேன். அப்புறம் தமிழில் சொல்லிப் பார்த்தேன்: டீசல் விலை உயர்ந்தது, நாங்கள் அரிசி விலையை உயர்த்தினோம். ஆறாம் வகுப்பில் படித்த தன்வினை, பிறவினை! தானாக உயர்ந்தால் 'ரைஸ்', நாம் உயர்த்தினால் 'ரெய்ஸ்'. அன்றைக்குப் பிறகு அதில் பிழை விட்டதில்லை.

அதே மாதிரிதான் 'பை', 'அன்டில்' இரண்டும். வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புகிறேன் என்றால் 'பை ஃப்ரைடே'. வெள்ளிக்கிழமை வரை கடை பூட்டு என்றால் 'அன்டில் ஃப்ரைடே'. 'க்குள்', 'வரை' இரண்டும் நமக்குக் கைவந்த சொற்கள், ஆனால் வகுப்பில் இதை இப்படிச் சேர்த்துச் சொன்னதே இல்லை.

தமிழ் காலை வாரிவிடுகிற இடங்களும் உண்டு. "நேற்றே இன்வொய்ஸ் அனுப்பியிருக்கிறேன்" என்பது நல்ல தமிழ். அதை அப்படியே 'ஐ ஹேவ் சென்ட் த இன்வொய்ஸ் யெஸ்டடே' என்றால் பிழை. நேற்று என்று நாளைச் சொல்லிவிட்டால் 'ஐ சென்ட்' தான், நாளைச் சொல்லாவிட்டால் 'ஹேவ் சென்ட்'. அப்புறம் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் போடுகிற இந்த 'ஏ', 'த'. தமிழில் அந்தச் சங்கதியே இல்லை, அதனால் எனக்குக் கடைசிவரை அது குருட்டாம்போக்குத்தான்.

ஓரல், அதாவது பேச்சுப் பகுதியைப் பற்றி நான் பயந்தது வேறு, நடந்தது வேறு. தனியாக அல்ல, இரண்டு பேராக உள்ளே விடுவார்கள். பரீட்சகர்களும் இரண்டு பேர்: ஒருவர் கதைப்பார், மற்றவர் ஓரமாக இருந்து கேட்டுப் புள்ளி போடுவார். மொத்தம் 14 நிமிடம். முதலில் பரீட்சகர் உங்களைப் பற்றியும் வேலையைப் பற்றியும் கேட்பார். பிறகு மூன்று தலைப்புத் தந்து ஒன்றைத் தெரிவு செய்யச் சொல்வார்கள். ஒரு நிமிடம் யோசிக்க, ஒரு நிமிடம் பேச. பேசி முடிந்ததும் பக்கத்தில் இருக்கிறவர் உங்களிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். கடைசியில் இருவரும் சேர்ந்து ஒரு வியாபாரப் பிரச்சினையை ஆராய வேண்டும். இலக்கணத்துக்குப் புள்ளி உண்டு, ஆனால் மற்றவரோடு எப்படிக் கதைத்துப் போகிறீர்கள் என்பதற்கும் தனியாகப் புள்ளி உண்டு.

முதல் தடவை நான் விழுந்தது அங்கேதான். என்னோடு வந்தவர் கொழும்பு வங்கி ஒன்றில் வேலை செய்பவர், ஆங்கிலம் அருவி மாதிரி. அவர் கொட்ட, நான் 'யெஸ், ஐ எக்ரீ' என்று தலையாட்டினேன். எட்டுத் தடவை சொல்லியிருப்பேன். நல்ல மனிதர், வெளியே வந்து தேநீரும் வாங்கித் தந்தார்.

இரண்டாம் தடவைக்குத் தங்கச்சிதான் ஜோடி. அவளுக்கு அப்போது உயர்தரப் பரீட்சை, ஆனாலும் இரவில் அரை மணித்தியாலம் தருவாள். அவள் கொழும்பு வியாபாரி, நான் ஆலைக்காரன். வேண்டுமென்றே நான் சொல்வதற்கெல்லாம் மாறாகப் பேசு என்று சொன்னேன். அது அவளுக்குப் பழக்கிக் கொடுக்க வேண்டியதில்லை. "ஐ சீ யுவர் பொயின்ட், பட்" என்று தொடங்கி மறுக்க அப்போதுதான் பழகினேன். எல்லாவற்றையும் போனில் பதிந்து, காலையில் மோட்டார் சைக்கிளில் போகும்போது கேட்பேன். என் குரலைக் கேட்பதே முதல் வாரம் தண்டனை.

பரீட்சையில் எனக்கு வந்தது விநியோகஸ்தரைத் தெரிவு செய்வது பற்றிய தலைப்பு. ஆயத்தம் செய்த பெரிய சொற்கள் எதுவும் வாயில் வரவில்லை. வந்தது நெல்தான். ஈரப்பதம் 14 வீதத்துக்கு மேல் போனால் மூட்டையைத் திருப்பி அனுப்புவோம், சொன்ன நாளில் வராத லொறியை மறுபடி கூப்பிடமாட்டோம், ஆனால் மழைக்கு வீதி போனால் அது அவர் பிழை இல்லை என்று சொன்னேன். அதுவரை தாளைப் பார்த்துக்கொண்டிருந்த ஓரத்துப் பரீட்சகர் நிமிர்ந்து பார்த்தார். இந்தத் தடவை சித்தியடைந்தேன். மற்றப் பகுதிகளைவிடப் பேச்சில்தான் கூடுதலான புள்ளி.

முல்லைத்தீவிலிருந்து ஓர் அக்கா

தம்பி, நான் எழுதியது ஐஎல்ட்ஸ் என்கிற ஆங்கிலப் பரீட்சை. அதில் ஜோடி இல்லை, ஒரு பரீட்சகர்தான், 11 முதல் 14 நிமிடம். ஒரு அட்டை தருவார்கள், ஒரு நிமிடம் குறிப்பு எழுதலாம், பிறகு இரண்டு நிமிடம் வரை நாங்களே கதைக்க வேண்டும். தண்ணீருக்குப் பக்கத்தில் ஓர் இடத்தைப் பற்றிச் சொல் என்று வந்தது. நந்திக்கடல் என்று தொடங்கிவிட்டேன். தொடங்கின பிறகுதான், போர் முடிந்த அந்தக் கரை எல்லாவற்றையும் கதைக்கக்கூடிய இடம் இல்லை என்று விளங்கியது. தொண்டை அடைத்தது. கடைசியில் இறால் பிடிப்பது பற்றி மட்டும் இரண்டு நிமிடம் கதைத்து முடித்தேன். பிள்ளைகளுக்கு நான் சொல்வது, மனம் தாங்குகிற தலைப்பாக எடுங்கள்.

இலக்கணத்தில் என் பிழை வேலை நேர்முகத்தில் வந்தது. ஐந்து வருடமாக வேலை செய்கிறேன் என்பதை 'ஐ ஆம் வேர்க்கிங் ஃபோ ஃபைவ் இயர்ஸ்' என்று சொன்னேன். "வேலை இன்னும் இருக்கிறதா, முடிந்ததா?" என்று திருப்பிக் கேட்டார்கள். 'ஐ ஹேவ் பீன் வேர்க்கிங்' என்று அன்றே நூறு தரம் எழுதினேன்.

வவுனியாவிலிருந்து, ஆங்கிலம் படிப்பிக்கிற ஒருவர்

'ஏ', 'த' பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்ள மாட்டேன். தமிழில் சங்கதி இருக்கிறது, ஒளிந்திருக்கிறது. "லொறி அனுப்பினேன்" என்றால் ஏதோ ஒரு லொறி, அது 'ஏ லொறி'. "லொறியை அனுப்பினேன்" என்றால் நமக்கு இருவருக்கும் தெரிந்த லொறி, அது 'த லொறி'. சொல்லின் வாலில் அந்த 'ஐ' வந்தால் 'த' போட்டுப் பாருங்கள். செயப்படுபொருளாக வருகிற உயிரில்லாத பொருட்களுக்கு மட்டும்தான் இது ஓடும். ஆனால் வியாபாரக் கடிதத்தில் பாதிக்கு மேல் அப்படித்தானே வருகிறது: மூட்டை, பில், காசோலை.

முதலில் எழுதியவர்

ஐயா, இதை மூன்று வருடத்துக்கு முன் சொல்லியிருக்கக் கூடாதா! இன்று காலை முதலாளி "லொறியை அனுப்பு தம்பி" என்றார். முற்றத்தில் மூன்று லொறி நின்றது. எது என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.