விதையில்லாத் தர்பூசணி நமக்குத் தேவையா?

கரிசல்காட்டான்:
விதையில்லாத் தர்பூசணிக்காக நாற்றின் குருத்தில் கோல்சிசின் என்ற நஞ்சைச் சொட்டுகிறார்கள். அந்தப் பழத்தைத்தான் பிள்ளைகளுக்கு அறுத்துக் கொடுக்கிறோம். விதை விடாத செடி ஒரு செடியா? இது நம் வயலுக்குள் வரவே கூடாது.

பூங்குருத்து:
கோல்சிசின் நஞ்சுதான், மறுக்கவில்லை. நம் மூலனூர்ப் பக்கம் விளையும் கண்வலிச் செடியின் (செங்காந்தள்) விதையில் இருப்பதும் அதுவே. ஆனால் அது படுவது நீங்கள் தின்னும் பழத்தில் அல்ல, பல தலைமுறைக்கு முந்திய ஒரு நாற்றில். செல் பிரியும்போது, மரபுப் பண்புகளைச் சுமக்கும் குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்கும் இழைகள் உருவாகாமல் அது தடுத்துவிடும். 22 இருந்த இடத்தில் 44 தங்கிவிடும். இப்படி நான்கு தொகுதிக் குரோமோசோம்கள் கொண்ட நான்மடியச் செடியைப் பல தலைமுறை வளர்த்துத் தேர்ந்தெடுத்து, அதன் பெண்பூவில் சாதாரண ரகத்தின் மகரந்தத்தைச் சேர்த்தால் 33 குரோமோசோம், அதாவது மூன்று தொகுதி, கொண்ட மும்மடிய விதை கிடைக்கும். அதை விதைத்து வளரும் செடியில், மும்மூன்றாக நிற்கும் குரோமோசோம்கள் ஒழுங்காகச் சோடி சேராததால் சூல் மலடாகிறது. பழத்தில் வெள்ளையாக, மெல்லிய கூடு மட்டும் தெரியும். ஜப்பானிய மரபியலாளர் கிஹாரா 1951-இலேயே இதை விளக்கி எழுதிவிட்டார்.

விதை விடாதது செடியே இல்லையென்றால், பூவனையும் ரஸ்தாளியையும் நேந்திரனையும் என்ன செய்வீர்கள்? மூன்றும் மும்மடியம்தான். யாரும் மருந்து சொட்டவில்லை, இயற்கையே செய்தது.

கரிசல்காட்டான்:
வாழையை இழுக்காதீர்கள் ஐயா. வாழைக்குக் கன்று உண்டு. பக்கத்துத் தோட்டத்தில் கேட்டால் தோண்டிக் கொடுப்பார்கள். தர்பூசணிக்கு ஒவ்வொரு போகமும் கம்பெனி வாசலில்தான் நிற்க வேண்டும்.

நாற்றங்கால்:
பயிரிட்டவன் என்ற முறையில் சொல்கிறேன். நஞ்சைப் பற்றிய பயம் வீண், செலவைப் பற்றிய பயம் நியாயம். மும்மடிய விதையின் தோல் தடிப்பு. முளைக்கும்போது அது முதலில் வரும் வித்திலைகளைக் கவ்விக்கொண்டு விடாது. குழித்தட்டின் முன் குனிந்து, விரல் நுனியால் ஒவ்வொன்றாக நீக்க வேண்டும். ஈரம் சற்று மிஞ்சினால் அழுகிவிடும். இந்தச் செடியின் மகரந்தமும் உதவாது. ஊடே விதையுள்ள ரகத்தை வரிசையாக நட்டு, தேனீயும் வந்தால்தான் காய் பிடிக்கும். நான்மடியத் தாயின் பழத்தில் விதை குறைவு என்பதால் விலையும் அதிகம்.

பூங்குருத்து:
ஆண்டுதோறும் விதை வாங்கும் நிலை வீரியத் தக்காளிக்கும் உண்டு. அதற்காகக் குரோமோசோம் தொகுதியைப் பெருக்கும் பன்மடிய முறையைப் பழிப்பது முறையல்ல. கேரள வேளாண் பல்கலைக்கழகம் ஷோனிமா, ஸ்வர்ணா என்ற விதையில்லா ரகங்களை வெளியிட்டிருக்கிறது. அவை பொதுப்பணத்தில் உருவானவை.

கரிசல்காட்டான்:
நல்லது. ஆனால் விற்பது மும்மடிய விதையைத்தானே? தாய்ச்செடி இன்னும் பல்கலைக்கழகத்தின் கையில்தான்.

நாற்றங்கால்:
நான்மடியத் தாய் தன் விதையிலிருந்தே நான்மடியமாக முளைக்கும். தாய் ரகத்தையும் தந்தை ரகத்தையும் உழவர் குழுவுக்குக் கொடுத்தால் போதும். தாய்ச்செடியின் ஆண்பூக்களைக் கிள்ளிவிட்டு, தந்தைப் பூவின் மகரந்தத்தைக் காலையில் தொட்டுவைக்க எங்களுக்குத் தெரியும். கேட்க வேண்டியது அதைத்தான்.