ரெக்கார்டில் குரல் சோகையாக வருகிறது, அதே பாட்டு ரீமாஸ்டரில் முழங்குகிறது: தட்டு தேய்ந்துவிட்டதா?

கேள்வி:
அப்பா விட்டுச்சென்ற பெட்டியில் ஏழு அங்குல எச்.எம்.வி. தட்டுகள் இருபதுக்கு மேல் இருக்கின்றன. அறுபதுகளின் திரைப்பாடல்கள், நிமிடத்துக்கு 45 சுற்று, பக்கத்துக்கு இரண்டு பாட்டு. கனமான 78 சுற்றுத் தட்டுகளும் மூன்று உண்டு. புதிதாக டர்ன்டேபிள் (தட்டு ஓட்டும் கருவி) வாங்கி ஆம்ப்ளிஃபயரின் ‘ஆக்ஸ்’ துளையில் செருகினேன். வால்யூமை முழுக்கத் திருப்பினால்தான் கேட்கிறது. அப்போதும் பாடகர் தகரக் குழாய்க்குள் நின்று பாடுவது போல் இருக்கிறது. தபேலாவின் இடக்கை அடியைக் காணவே காணோம். அதே பாட்டின் ரீமாஸ்டர், அதாவது பழைய பதிவைச் சீர்படுத்தி மறுபடி வெளியிட்டது, முழங்குகிறது. பழுதுபார்க்கும் கடையில் ‘தட்டு தேய்ந்துவிட்டது, தூக்கிப் போடுங்கள்’ என்கிறார்கள். மனம் ஒப்பவில்லை.

பதில்:
தூக்கிப் போட்டுவிடாதீர்கள் தம்பி! தட்டின் மேல் குற்றமே இல்லை. அடியொலியை, அதாவது தாழ்ந்த ஒலிகளை, தட்டில் அப்படியே வெட்டினால் முள் ஓடும் பள்ளம் வளைந்து பக்கத்துப் பள்ளத்தில் இடித்துவிடும். அதனால் அதைக் குறைத்தும், இரைச்சலை அமுக்குவதற்காக உச்ச ஒலிகளைக் கூட்டியும் பதிவார்கள். கேட்கும்போது இதைத் தலைகீழாக்க வேண்டும்: 20 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 20 டெசிபல் ஏற்றம், 20,000 ஹெர்ட்ஸில் அதே அளவு இறக்கம். அந்த வேலை போனோ ப்ரீஆம்பினுடையது. முள்ளின் அசைவை மின்சாரமாக்கும் கார்ட்ரிட்ஜிலிருந்து வரும் சில மில்லிவோல்ட்டைப் பெருக்கித் தருவதும் அதுதான். டர்ன்டேபிளின் பின்புறம் ‘போனோ / லைன்’ என்று சிறு சுவிட்ச் இருந்தால் ‘லைன்’ பக்கம் தள்ளுங்கள்.

பதில்:
ஐயா சொன்னதோடு ஒன்று. அந்த மூன்று 78 தட்டுகளை இதே முள்ளில் ஓட்டாதீர்கள். அவற்றின் பள்ளம் அகலமானது. சுமார் 75 மைக்ரான் முனையுள்ள தனி முள் வேண்டும். 45 தட்டு மோனோவாக (இரண்டு ஸ்பீக்கருக்கும் ஒரே ஒலி) இருந்தால் ஆம்ப்ளிஃபயரில் மோனோ பொத்தானை அழுத்துங்கள், பொரிகிற சத்தத்தில் ஒரு பகுதி அடங்கிவிடும்.

கேட்டவர்:
சுவிட்ச் இருந்தது! தபேலா திரும்பி வந்துவிட்டது. ஆனாலும் ரீமாஸ்டர்தான் இன்னும் எடுப்பாகக் கேட்கிறது. என் காதில் ஏதும் கோளாறா?

பதில்:
இல்லை. ரீமாஸ்டரை உரத்த அளவில் வைத்திருப்பார்கள். உரத்தது எதுவானாலும் முதலில் நன்றாகத்தான் தோன்றும். அதன் வால்யூமைத் தட்டின் அளவுக்கு இறக்கிவிட்டு, சரணம் தொடங்கும் இடத்தை இரண்டிலும் கேளுங்கள். தட்டில் பாடகர் மூச்சை உள்ளிழுப்பது தெரியும், அடுத்த சொல் மெதுவாக எழுந்து வரும். பல ரீமாஸ்டர்களில் இரைச்சலைத் துடைக்கும்போது அந்த மூச்சும் போய்விடுகிறது, மெல்லிய இடமும் உரத்த இடமும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடுகின்றன. எனக்கு இது பெரிய இழப்பு. மூல நாடாவிலிருந்து பொறுப்பாகச் செய்த ரீமாஸ்டர்களும் உண்டு. அவற்றில் வயலின்கள் தட்டைவிடத் தெளிவாக விரியும், அவற்றைத் தயங்காமல் கேளுங்கள்.

கேட்டவர்:
மூச்சு கேட்டது! இரண்டு முறை திரும்ப வைத்துக் கேட்டேன். ஒரே ஒரு குறை: ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டாவது பாட்டில் மட்டும் ‘ச’, ‘ஸ’ எழுத்துகள் கீச்சிடுகின்றன.

பதில்:
நடுவை நெருங்க நெருங்க முள்ளுக்கடியில் பள்ளம் ஓடும் வேகம் குறையும். அதே ஒலி இன்னும் குறுகிய நீளத்துக்குள் நெருக்கியடித்துக் கிடக்கும். முள் முனையில் தூசி உருண்டை ஒட்டியிருந்தால் அங்கேதான் முதலில் தெரியும். மென்மையான தூரிகையால் பின்னிருந்து முன்னாக மட்டும் துடையுங்கள். பிறகு முள்ளின் அழுத்தம், கார்ட்ரிட்ஜ் கையேட்டில் சொன்ன கிராம் அளவில் இருக்கிறதா என்று பாருங்கள் தம்பி. குறைவாக இருந்தாலும் கீச்சிடும்.