கண்மாயைத் தோண்டும் முன் வரத்துக்காலுக்கு மட்டம் எடுப்போம்

உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

கண்மாய் வேலைக்குச் சேர்ந்திருக்கும் பணத்தில் பொக்லைன் அமர்த்தி உள்வாயை ஆழப்படுத்தலாம் என்று பலரும் எழுதியிருக்கிறீர்கள். என் கருத்து வேறு. முதல் செலவு மட்டம் எடுப்பதற்கு, அதாவது இடத்துக்கு இடம் தரையின் உயரத்தை அளப்பதற்கு. அடுத்தது வரத்துக்காலுக்கு, அதாவது கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாய்க்கு. கண்மாய்க்குள் மண் எடுப்பது கடைசியில். மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் பக்கத்துச் சங்கிலித்தொடர் கண்மாய்களை (ஒன்று நிரம்பி அடுத்ததற்குத் தண்ணீர் போகும் கண்மாய்கள்) கணினி மாதிரியில் போட்டுப் பார்த்தால் பெரும்பாலும் இந்த வரிசைதான் வரும். ஏன் என்பதைக் கணக்கோடு எழுதுகிறேன். கீழே உள்ள அளவுகள் எடுத்துக்காட்டுக்கானவை. நம் கண்மாய்க்கு அளந்த பிறகு எண்ணை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

10 ஏக்கரில் 1 மீட்டர் ஆழம் எடுத்தால் 40,000 கன மீட்டர் மண். டிப்பருக்கு 5 கன மீட்டர் என்றால் 8,000 நடை. அந்தப் பள்ளம், வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மடையின் அடிமட்டத்துக்குக் கீழே போய்விட்டால், அதில் நிற்கும் தண்ணீர் வயலுக்குத் தானாகப் பாயாது. ஆடு மாடு குடிக்கும், கிணறு ஊறும். அதுவும் தேவைதான், ஆனால் நாற்று நட உதவாது. 3 கிலோமீட்டர் வரத்துக்காலில் 4 மீட்டர் அகலத்துக்கு 30 சென்டிமீட்டர் மண் எடுத்தால் 3,600 கன மீட்டர்தான், 720 நடை.

மண்ணோடு கருவேலத்தையும் எடுத்து வரத்துக்காலைச் சுத்தம் செய்தால் என்ன பலன்? அடியகலம் 4 மீட்டர், தண்ணீர் ஆழம் 1.2 மீட்டர், பக்கச்சரிவு ஒன்றுக்கு ஒன்றரை, வாட்டம் (நீளவாக்குச் சரிவு) 2,000க்கு 1 என்று ஒரு கால்வாயை எடுத்துக்கொள்வோம். கால்வாயில் எவ்வளவு தண்ணீர் ஓடும் என்று சொல்லும் மேனிங் சூத்திரத்தில், சுத்தமான மண் கால்வாய்க்கு உராய்வு எண் 0.025. அப்போது விநாடிக்கு 5.5 கன மீட்டர் ஓடும், அதாவது சுமார் 195 கன அடி. சீமைக்கருவேலம் அடைத்து நின்றால் உராய்வு எண் 0.08க்குப் போய்விடும். அதே கால்வாயில் 1.7 கன மீட்டர்தான் ஓடும். மண் ஒரு கூடைகூடச் சேராமலே மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தண்ணீர் போயிற்று.

இதை மழையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் எவ்வளவு ஓடிவரும் என்பது, அதற்கு முந்தைய ஐந்து நாளில் நிலம் எவ்வளவு நனைந்தது என்பதைப் பொறுத்தது. மழையில் எவ்வளவு ஓடிவரும் என்று கணிக்கும் வளைவெண் முறையில் நடுத்தர நிலத்துக்கு 75 என்று வைத்துக் கணக்கிட்டால், காய்ந்து வெடித்த நிலத்தில் 1 மில்லிமீட்டர்கூட ஓடாது. மிதமான ஈரத்தில் 9 மில்லிமீட்டர். ஊறிய நிலத்தில் 24. ஐப்பசியின் முதல் மழைக்கு ஒன்றுமே வராமல், கார்த்திகையில் அதே மழைக்குக் கால்வாய் புரண்டு ஓடுவது இதனால்தான். ஆண்டுச் சராசரி மழையை வைத்துப் போடும் கணக்கு நமக்கு உதவாது. நாள்வாரிக் கணக்கே வேண்டும். 5 சதுர கிலோமீட்டர் நீர்பிடிப்பில் 24 மில்லிமீட்டர் என்றால் 1,20,000 கன மீட்டர். சுத்தமான கால்வாய் இதை 6 மணி நேரத்தில் கொண்டுவந்து சேர்க்கும். கருவேலம் அடைத்த கால்வாய்க்கு 19 மணி நேரத்துக்கு மேல் வேண்டும். மழை வெள்ளம் அத்தனை நேரம் காத்திருக்காது, கரை தாண்டி ஓடைக்குப் போய்விடும்.

இனி மட்டம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் உயர வரைபடத்தை வைத்தே எல்லாம் செய்யலாமே என்று சிங்கப்பூர் தம்பி கேட்டிருந்தார். நீர்பிடிப்பு எல்லையை வரையவும், எந்தக் கண்மாயின் மறுகால் (நிரம்பி வழியும் தண்ணீர்) எதற்குப் போகிறது என்று பார்க்கவும் அது போதும். கால்வாய்க்கு அது போதாது. 2000 பிப்ரவரியில் விண்கலத்திலிருந்து அளந்ததும் சரி, புவன் தளத்தில் கிடைக்கும் கார்ட்டோசாட் படமும் சரி, கோப்பர்னிகஸ் படமும் சரி, 30 மீட்டர் கட்டத்துக்கு ஓர் உயரம் தருபவை. பிழை சில மீட்டர் வரும். நம் பக்கத்துக் கால்வாயின் வாட்டமோ கிலோமீட்டருக்கு அரை மீட்டர். மேல்தலை 3 மீட்டர் அகலமுள்ள கரை அந்தக் கட்டத்துக்குள் கரைந்து போகும். கருவேலங்காட்டின் உச்சி தரையாகப் பதிவாகும். இன்னொன்று: கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் பள்ளம் நிரப்பும் கட்டளை கண்மாயையே பிழை என்று எண்ணி நிரப்பிவிடும். ஓடும் திசை பார்க்க மட்டும் நிரப்பிய படம். கொள்ளளவுக்கு ஒருபோதும் அதைத் தொடக்கூடாது. சாலைகளும் மாதிரியில் அணைபோல நிற்கும். சாலைக்கு அடியில் பாலம், குழாய் உள்ள இடங்களை ஊரில் விசாரித்து, மாதிரியில் அங்கே கையால் வழி வெட்டிவிட வேண்டும்.

ஆகவே ஆட்டோ லெவலும் (மட்டம் பார்க்கும் கருவி) ஸ்டாஃப் கோலும் (அளவு குறித்த கோல்) எடுத்து நடக்க வேண்டும். கலுங்கின் (நிரம்பிய தண்ணீர் வழிந்து வெளியேறும் சுவர்) தலைமட்டத்தை 100.000 மீட்டர் என்று வைத்து அங்கிருந்து தொடங்கலாம். மடையின் அடிக்கல், கரையின் தலை, வரத்துக்கால் கண்மாயில் விழும் இடம் ஆகியவற்றை எடுத்துவிட்டு, வரத்துக்கால் தொடங்கும் தலைமதகு வரை 30 மீட்டருக்கு ஒரு அடிமட்டம், 100 மீட்டருக்கு ஒரு குறுக்கு வெட்டு (கால்வாயின் குறுக்கே எடுக்கும் மட்டங்கள்) எடுக்க வேண்டும். ஒவ்வொரு குழாய்க்கும் இரு வாயின் அடிமட்டம், விட்டம், எத்தனை குழாய் என்பது கட்டாயம். போனதோடு நிற்காமல் திரும்பவும் மட்டம் எடுத்து வந்து தொடங்கிய கல்லில் முடிக்க வேண்டும். மொத்தச் சுற்று 4 கிலோமீட்டர் என்றால் தொடங்கிய மட்டமும் முடிந்த மட்டமும் 24 மில்லிமீட்டருக்குள் கூடிவர வேண்டும். அதற்கு மேல் போனால் மறுபடி எடுப்பதே வழி, பிழையைப் பங்கிட்டு மறைக்கக் கூடாது. ஜிபிஎஸ் கருவியில் எடுத்த உயரத்தை இதோடு கலக்காதீர்கள். கருவி தரும் திருத்தாத உயரத்துக்கும் கடல்மட்ட உயரத்துக்கும் நம் பகுதியில் ஏறக்குறைய 90 மீட்டர் வித்தியாசம் இருக்கிறது. ட்ரோனும் மரத்தின் உச்சியைத்தான் பார்க்கும். கருவேலம் எடுத்த பிறகுதான் அதற்கு வேலை.

இந்த மட்டங்களை ஹெக்-ராஸில் ஏற்றினால், அமெரிக்க இராணுவப் பொறியாளர் படை இலவசமாகத் தரும் அந்த மென்பொருள், எந்த இடத்தில் தண்ணீர் எதிர்த்து நிற்கிறது என்று காட்டிவிடும். அடிக்கடி அகப்படும் குற்றவாளி சாலைக் குழாய். 60 சென்டிமீட்டர் குழாய் ஒன்று, இரு பக்கத்துக்கும் அரை மீட்டர் நீர்மட்ட வித்தியாசம் இருந்தாலும், விநாடிக்கு 0.7 கன மீட்டருக்கு மேல் விடாது. கால்வாயில் வருவதோ 5.5. குழாயைக் கால்வாய் அடியிலிருந்து ஒரு அடி உயர்த்திப் பதித்திருந்தால் இன்னும் மோசம்: மேல்பக்கத்தில் வண்டல் படிந்து, அடுத்த ஆண்டே கால்வாய் அந்த மட்டத்துக்கு மேடாகிவிடும். அப்படி ஒரு குழாயை மாற்றாமல் 3 கிலோமீட்டரையும் தூர்வாரினால் பணம் வீண்.

மாதிரி சொல்வது சரியா என்று பார்க்க வழி உண்டு. சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் 10 மீட்டர் கட்டத்தில், ஐந்து நாளுக்கு ஒருமுறை கிடைக்கின்றன. பச்சை அலைவரிசையையும் அண்மை அகச்சிவப்பையும் வைத்து நீர்ப்பரப்பைப் பிரித்தெடுத்து, மாதிரி சொல்லும் பரப்போடு ஒப்பிடலாம். மேகம் மூடிய நாளில் சென்டினல்-1 ரேடார் படம் கைகொடுக்கும். ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் மூடிய தண்ணீர் படத்தில் நிலமாகவே தெரியும் என்பதை மறக்க வேண்டாம். மாதிரி நிரம்பியது என்று சொல்லும் ஆண்டில் படத்தில் கண்மாய் பாதிகூட இல்லையென்றால், வரத்துக்காலில் எங்கோ தண்ணீர் திரும்புகிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்க, வயல்களுக்குத் தண்ணீர் திறந்துவிடும் நீர்பாய்ச்சியிடம் கேட்பதே சுருக்கமான வழி.

வரத்தைக் கூட்டினால் கலுங்கையும் பார்த்தாக வேண்டும். 30 மீட்டர் நீளக் கலுங்கில் 60 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் வழிந்தால் விநாடிக்கு 24 கன மீட்டர் வெளியேறும். கூடுதலாகத் தேக்க நினைத்து அதன்மேல் 30 சென்டிமீட்டருக்கு மணல்மூட்டை அடுக்கினால், அதே உச்ச நீர்மட்டத்தில் 8 கன மீட்டர்தான் போகும். மீதி கரையின் தலைமேல் ஏறும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்ததையும், அந்த வெள்ளத்தில் தென்மாவட்டங்களில் குளக்கரைகள் உடைந்ததையும் எல்லோரும் பார்த்தோம். எனவே மேலே இரண்டு கண்மாய், கீழே இரண்டு கண்மாயாவது மாதிரியில் இருக்க வேண்டும். நமக்கு வரும் மறுகால் தண்ணீரையும் நாம் கீழூருக்கு அனுப்பும் தண்ணீரையும் பார்க்காமல் போடும் திட்டத்துக்கு நான் கையெழுத்திட மாட்டேன்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் மேசை வேலையை எடுத்துக்கொள்ளலாம்: புலப்படங்களையும் (நில அளவை வரைபடங்கள்) கிராம வரைபடத்தையும் கியூஜிஐஎஸ்ஸில் உரிய இடத்தில் பொருத்தி நிலைப்படுத்தி, வாய்க்கால் புறம்போக்கு எல்லையைச் செயற்கைக்கோள் படத்தின்மேல் வரைவது, செயற்கைக்கோள் படங்களிலிருந்து நீர்ப்பரப்பு எடுப்பது. நிலைப்படுத்த மரத்தையும் வீட்டையும் நம்பாதீர்கள், எல்லைக் கற்களின் இருப்பிடம் ஊரிலிருந்து வர வேண்டும். ஊரில் இருப்பவர்கள் மட்டம் எடுப்பவரோடு கூடப் போய்ப் புகைப்படத்தோடு குறிக்க வேண்டும். ஆயக்கட்டு, அதாவது கண்மாய் பாயும் நிலம், 100 ஏக்கருக்கு மேல் என்றால் கண்மாய் நீர்வளத் துறையின் பொறுப்பு, குறைந்தால் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. எழுத்தில் அனுமதி இல்லாமல் மண்ணில் கை வைக்க முடியாது. துறையிடம் கண்மாயின் பழைய விவரக்குறிப்பு இருக்கும், கலுங்கு நீளமும் மடை மட்டமும் அதில் உண்டு. நகல் கேட்டு மனு கொடுக்கச் சித்தப்பாவை வேண்டுகிறேன். கருவேலத்தை வேரோடு எடுக்க வேண்டும், வெட்டினால் தழைத்துவிடும். கரைச்சரிவில் வேர் எடுத்த குழியை அன்றைக்கே மண் போட்டு இடித்து மூட வேண்டும், இல்லாவிட்டால் அதன் வழியே கசியும்.

மட்டம் எடுக்கும் வேலை ஆடிக்குள் முடிந்தால்தான் ஆவணியில் குழாயையும் கால்வாயையும் சரிசெய்து, ஐப்பசி மழைக்கு முன் வேலையை முடிக்க முடியும். மட்டம் எடுப்பவர்களிடம் விலைப்புள்ளி கேட்கும்போது, குறுக்கு வெட்டுகளும் திரும்பி எடுக்கும் மட்டமும் சேர்த்தே கேளுங்கள். பலர் அதை விட்டுவிட்டுத்தான் குறைந்த விலை சொல்வார்கள்.